கடலிலிருந்து ஓசூருக்கு வந்த என்ஜின்

ஓசூரில் எங்கள் பட்டறைக்கு வருவதெல்லாம் லாரி என்ஜின், கிரஷர் என்ஜின், குவாரியில் ஓடும் கம்ப்ரசர் என்ஜின். கல்தூசியில் ஓடித் தேய்ந்தவை. திறந்தால் உள்ளே சாம்பல் நிறத்தில் பசை மாதிரி அப்பியிருக்கும். உப்புத் தண்ணீரில் செத்துப்போன என்ஜினை அதுவரை நான் பார்த்ததில்லை.

பட்டறை பாகலூர் சாலையில் இருந்தது. நானும் பேரிகைக்காரர் ஒருவரும் சேர்ந்து நடத்திவந்தோம். வீட்டில் தெலுங்கு, பட்டறையில் தமிழ், கோபம் வந்தால் கன்னடம் என்று பேசுகிறவர் அவர். லேத்தும் கிராங்க் கிரைண்டிங்கும் அவர் பொறுப்பு. கழற்றுவதும் பூட்டுவதும் என் வேலை. என்னைவிட வயதில் மூத்தவர் என்பதால் மாமா என்று கூப்பிடுவேன்.

குளிர் காலத்தில் ஒரு காலை, தெற்கேயிருந்து கம்பெனி ஒன்றுக்குச் சரக்கு ஏற்றிவந்த லாரி பட்டறை வாசலில் நின்றது. மூட்டைகளுக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்தி ஒரு என்ஜின் இருந்தது. அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்திருந்தார் ஒரு பெரியவர். ஐம்பதைத் தாண்டியவர், நல்ல உடம்பு. கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சிறிய சிலுவை. ஸ்வெட்டர் எதுவும் இல்லாமல் நடுங்கிக்கொண்டிருந்தார். தூத்துக்குடிக்குத் தெற்கே ஒரு கடற்கரை ஊர் என்றார். அவருடைய மருமகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருந்தான். அவன் எங்கள் பட்டறையைப் பற்றிச் சொல்லித்தான் இவ்வளவு தூரம் கொண்டுவந்திருந்தார்.

தார்ப்பாயை விலக்கிப் பார்த்தேன். லாரியில் வரும் ஆறு சிலிண்டர் என்ஜின்தான். படகுக்கு ஏற்றமாதிரி மாற்றி, பின்னால் கியர்பாக்ஸ் பூட்டியிருந்தார்கள். பெயின்ட் எல்லாம் கொப்பளித்து உரிந்திருந்தது. அலுமினியப் பாகங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. கிராங்கைக் கம்பி போட்டு நெம்பிப் பார்த்தேன். அசையவில்லை.

"தண்ணிக்குள்ள இருந்துச்சா ஐயா?"

"போட்டு சும்மா கெடந்துச்சு. அடியில தண்ணி ஏறி பாதி என்ஜின் முங்கிப்போச்சு." படகைத்தான் போட்டு என்றார்.

"உங்க ஹார்பர்ல மெக்கானிக் இல்லையா? இம்மாந்தூரம் தூக்கிக்கினு வந்திருக்கிறீங்களே."

"இருக்காவ. நேரம் இல்லங்காவ" என்றார்.

செயின் பிளாக் போட்டு இறக்கினோம். அன்றிலிருந்து தினமும் காலையில் மகள் வீட்டிலிருந்து நடந்தே வந்துவிடுவார். கவிழ்த்துப் போட்ட டிரம் ஒன்றின்மேல் உட்கார்ந்து, நாங்கள் கழற்றுவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். கேட்டால் பதில் சொல்வார். மாமாவுக்குப் பேச்சில்லாமல் வேலை ஓடாது. கடலைப் பற்றி, மீனைப் பற்றி, புயலைப் பற்றி என்று விடாமல் கேட்பார். பெரியவர் ஒற்றை வார்த்தையில் முடித்துவிடுவார்.

பிஸ்டன்கள், அவை ஓடும் சிலிண்டரின் உள்சுவரான லைனரோடு ஒட்டிப்போயிருந்தன. டீசலும் எண்ணெயும் ஊற்றி ஊறவைத்து, மரக்கட்டை வைத்துத் தட்டித் தட்டித்தான் வெளியே எடுத்தோம். ஹெட் வீணாகிவிட்டது. ஆனால் என்ஜினின் உடம்பான பிளாக் பிழைத்திருந்தது. கிராங்க்கில் வெடிப்பு இல்லை. "இது பொழைச்சுக்கும்" என்று நான் சொன்னபோது பெரியவர் எழுந்து வந்து, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்த்தார்.

"தம்பி, இதுல டர்போ போடணும்."

பழைய படகுக்கு எதற்குக் கூடுதல் வேகம் என்று கேட்டேன். ஷாப்ட், புரொப்பல்லர் எல்லாம் அதற்குத் தகுந்தமாதிரி மாற்ற வேண்டியிருக்கும் என்றேன்.

"மாத்திக்கிடுவோம். பையன் ரொம்ப நாளா கேட்டுக்கிட்டே இருந்தான். வலை போடுத எடத்துக்கு மத்த போட்டெல்லாம் நமக்கு முந்திப் போயிருதுன்னு சொல்லுவான். நாந்தான் இருக்கது போதும்னேன். கடல் தண்ணி நேரா என்ஜினுக்குள்ள போவாம, தனியா நல்ல தண்ணி சுத்துதமாதிரியும் பண்ணணும்னான். அதையும் பண்ணிருங்க."

"பையன் போட்டுலதான் இருக்கானா?"

"இருந்தான்" என்றார்.

அந்தப் பக்கத்துப் பையன்கள் நிறையப் பேர் வளைகுடாவுக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெரியவர் மாதா கோயிலில் பூசைக்குப் போயிருந்தார். மாமா வரவில்லை. நான் மட்டும் பட்டறையைத் திறந்து, கழற்றிய சாமான்களைக் கழுவிக்கொண்டிருந்தேன். வாசலில் ஒரு பெண் வந்து நின்றாள். அவருடைய மகள். ஆறு மாத வயிறு. எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனி ஒன்றில் அசெம்ப்ளி லைனில் வேலை என்று அவள் கணவன் முன்பே சொல்லியிருந்தான். ஸ்டூலைத் துடைத்துப் போட்டேன். உட்காரவில்லை.

"அண்ணாச்சி, ஒரு உதவி செய்யணும். இந்த என்ஜின் இனிமே ஆகாதுன்னு அப்பாகிட்ட சொல்லிருங்க. ஸ்கிராப்புக்குத்தான் போகும்னு சொல்லுங்க."

"ஏம்மா?"

"எங்க அண்ணன் செத்தது இதுலதான்."

கையில் இருந்த பிரஷை டீசல் தட்டில் போட்டுவிட்டு நின்றேன்.

"கீழ என்ஜின் ரூம்ல எறங்கியிருக்கான். ஷாப்ட்டு மேல மூடி இல்ல. கைலி மாட்டி இழுத்துட்டு. அப்பா மேல ஸ்டியரிங்ல நின்னாவ. கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிட்டுன்னு சொன்னாவ. அதுக்கப்புறம் ஹார்பர்ல ஒரு மெக்கானிக்கும் இந்த என்ஜின் கிட்ட வரல. அதான் இங்க தூக்கிட்டு வந்திருக்காவ."

அப்போதுதான் 'இருந்தான்' என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு உறைத்தது.

"இப்ப தம்பிய கூட்டிட்டுப் போகப் போறாவ" என்றாள். "ஐ.டி.ஐ. படிக்கான். படிச்சு முடிச்சதும் இங்க எங்கயாவது கம்பெனியில சேத்துவிடலாம்னு நானும் இவரும் நெனச்சிருந்தோம். படிப்ப நிப்பாட்டிட்டு போட்டுக்கு வான்னு சொல்லிட்டாவ. என்ஜின் ஆகாதுன்னு ஆயிட்டா, போட்டு கரையிலயே கெடந்துரும். அவன் தப்பிச்சிருவான்."

"அப்பாகிட்ட பேசிப் பாத்தியாம்மா?"

"பேசுனேன். சோத்துத் தட்ட தள்ளி வச்சிட்டு எந்திரிச்சுப் போயிட்டாவ."

என்னால் அப்படிச் சொல்ல முடியாது என்றேன். பிளாக் நன்றாக இருப்பதை அவரே கையால் தொட்டுப் பார்த்துவிட்டார். நான் ஆகாது என்றால் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போவார். "வேணும்னா கொஞ்சம் இழுத்துப் பண்றேன். லைனர் வரலை, டர்போ கிடைக்கலைன்னு சொல்றேன். அதுக்குள்ள நீங்க புருஷன் பொண்டாட்டி சேர்ந்து அப்பாகிட்ட உக்காந்து பேசுங்க."

அவள் என்ஜினைத் திரும்பிப் பார்க்காமல் போனாள்.

சொன்னபடியே இழுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து வர வேண்டிய சாமான்களை இரண்டாவது முறை நினைவுபடுத்தாமல் விட்டேன். வேறு வேலைகளை நடுவில் நுழைத்தேன். பெரியவர் ஏதும் கேட்கவில்லை. டிரம்மில் உட்கார்ந்தே இருந்தார். மாமாவிடம் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். அதன்பின் அவரும் கடலைப் பற்றிக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்.

சும்மா இருப்பதுபோலத் தெரியக்கூடாதே என்று ஒரு நாள் கியர்பாக்ஸை எடுத்தேன். பின்பக்கம் ஆயில் சீல் மாற்ற வேண்டியிருந்தது. அதற்கு, புரொப்பல்லர் ஷாப்ட்டோடு சேரும் கப்ளிங்கைக் கழற்ற வேண்டும். மாமா ஒரு பக்கம் பிடித்துக்கொள்ள, புல்லர் போட்டு இழுத்தேன். கப்ளிங் டொக்கென்று வெளியே வந்தது. அதன் பின்னால், கியர்பாக்ஸ் உடம்புக்கும் கப்ளிங்குக்கும் இடையில் இருந்த சந்தில், கறுப்பாக ஏதோ சுற்றியிருந்தது. கிரீஸும் துருவும் சேர்ந்து கட்டையாக இறுகிப் போயிருந்தது. வலைக்கயிறு என்று நினைத்தேன். ஹாக்சா பிளேடால் குறுக்கே அறுத்தேன். அது வளையம் விரிகிறமாதிரி இரண்டாகப் பிளந்து என் கையில் வந்தது.

உள்மடிப்பில் எண்ணெய் ஏறியிருக்கவில்லை. துணி. நீலக் கட்டம் போட்ட கைலித் துணி.

மாமா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அய்யோ தேவுடா" என்று மெல்லச் சொன்னார். நான் கையை மூடிக்கொண்டேன். அதற்குள் பெரியவர் எழுந்து பக்கத்தில் வந்துவிட்டார்.

"குடுங்க தம்பி."

கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, மடிப்பை நகத்தால் பிரித்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்தார். மாமா போய் லேத்தை நிறுத்தினார். வெளியே கிரானைட் ஏற்றிய லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன.

"எல்லாத்தையும் அறுத்து எடுத்துட்டோம்னு சொன்னாவ" என்றார். பிறகு அவராகவே பேச ஆரம்பித்தார். யாரிடம் சொல்கிறோம் என்றுகூட அவருக்கு நினைப்பு இருந்ததாகத் தெரியவில்லை.

"ஷாப்ட்டுக்கு மேல மரத்துல மூடி உண்டு. ஷாப்ட்டு வெளிய போற எடத்துல தண்ணி ஒழுகிட்டு இருந்துச்சு. அடிக்கடி பாக்கணும்னு மூடியக் கழத்தி வச்சிருந்தோம். கரைக்குப் போயி மாட்டிக்கிடலாம்னு. அன்னைக்கு வலை இழுத்துக்கிட்டு இருந்தோம். அவன் தண்ணி எறைக்கக் கீழ எறங்குனான். கொஞ்ச நேரத்துல என்ஜின் தெணறுச்சு. சத்தம் எறங்கிட்டு. வலைதான் அடியில பாறையில மாட்டிட்டுன்னு நெனச்சேன். என்ஜின் நின்னுட்டா ஒண்ணும் பண்ண முடியாதே. அதனால..."

வலது கையை முன்னால் நீட்டி மெதுவாகத் தள்ளிக் காட்டினார். படகில் வேகத்தைக் கூட்டும் கம்பி அங்கேதான் இருக்கும் போலிருக்கிறது.

"கூட்டுனேன் தம்பி. நாந்தான் கூட்டுனேன். மறுபடி நல்லா ஓடுச்சு."

மாமா தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து முகத்தை மூடிக்கொண்டார். தண்ணீர் எடுக்கலாம் என்று திரும்பினேன். வாசலில் அவருடைய மகள் நின்றிருந்தாள். கையில் சாப்பாட்டுத் தூக்கு. அன்று அவளுக்கு இரண்டாவது ஷிப்ட். வேலைக்குப் போகும் வழியில் அப்பாவுக்குச் சோறு கொடுத்துவிட்டுப் போக வந்திருக்கிறாள். எப்போது வந்தாள் என்று நாங்கள் யாரும் கவனிக்கவில்லை.

"அவன் கத்தலையாப்பா?" என்று கேட்டாள்.

பெரியவர் தலையை நிமிர்த்தவில்லை. "என்ஜின் சத்தம்மா" என்றார்.

"கண்ணு மூடித் தொறக்கதுக்குள்ள முடிஞ்சிட்டுன்னு சொன்னீங்களே."

அவள் தூக்கை வாசல்படியில் வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்து போனாள். லாரி ஒன்று பிரேக் அடித்து ஹாரன் அடித்தது. அவள் திரும்பவில்லை.

மறுநாளிலிருந்து சாப்பாட்டை மருமகன் கொண்டுவந்து கொடுத்தான். அவனிடம் கேட்டபோது, "அவ அப்பாகூடப் பேசறதில்லைங்க. சோறு மட்டும் போட்டு வைக்கிறா" என்றான். காரணம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

மாமா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏம்பா, இந்த வேலை நமக்கு வாணாம். அப்படியே மூட்டை கட்டி அனுப்பிடு. அந்த கிராங்கை நான் எப்படி மிஷின்ல ஏத்துவேன்?"

நான் பெரியவரிடமே கேட்டேன். "ஐயா, இதோட நிறுத்திக்கலாமா?"

"நிறுத்திட்டு? போட்டு எனக்கு மட்டுமா சொந்தம்? என் தம்பி வீடு, அவன் மச்சினன் வீடு எல்லாம் அதைத்தான் நம்பி இருக்கு. எத்தன நாளைக்கு அவங்களும் கரையில குந்திக்கிட்டு இருப்பாவ?"

"சின்னப் பையனை விட்டுடுங்க. படிக்கட்டும். நீங்க ஓட்டுங்க."

அவர் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டார். "என்னால முடியாது. ரெண்டு தடவ வேற போட்டுல ஏறிப் பாத்தேன். ஸ்டியரிங்க பிடிச்சதும் கையி மரத்துப் போவுது. என் வீட்டுலருந்து ஒரு ஆள் போயாகணும். அவன விட்டா வேற யாரு இருக்கா?"

எதற்காகப் படிக்கிற பையனை இழுக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மகளிடம் இதை அவர் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. அவள் கேட்கிற நிலையில் இல்லை. இவரும் சொல்கிற ஆள் இல்லை.

அதற்குமேல் இழுப்பதில் அர்த்தம் இல்லை. மாமா முணுமுணுத்துக்கொண்டே கிராங்கைக் கிரைண்டிங் மிஷினில் ஏற்றினார். ஏற்றுமுன் எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி நான்கு மூலையிலும் வைத்தார். புது லைனர், புது பிஸ்டன், வேறு ஹெட் போட்டோம். டர்போ பூட்டினோம். கடல் தண்ணீர் ஒரு உருளைக்குள் மட்டும் ஓடி, என்ஜினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரைக் குளிரவைக்கும்படி அமைப்பை மாற்றினோம். கப்ளிங்குக்கு மேலே மூடுவதற்கு இரும்புத் தகட்டில் ஒரு கூடு செய்தேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. போல்ட் போட்டு இறுக்கும்படி, பக்கவாட்டில் விரல்கூட நுழையாதபடி செய்தேன்.

ஓட்டிப் பார்க்கும் நாள் வந்தது. பட்டறைக்கு வெளியே இரும்புச் சட்டத்தில் என்ஜினை நிறுத்தி, டேங்கர் தண்ணீர் பிடித்த பெரிய டிரம்மிலிருந்து ஹோஸ் கொடுத்தோம். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. நல்ல சத்தம். வேறு நாளாக இருந்தால் மாமா விசில் அடித்திருப்பார். நான் வேகத்தைக் கூட்டினேன். குறைத்தேன். வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னர் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க மறுபடி கூட்டினேன். திரும்பிப் பார்த்தபோது பெரியவர் இல்லை.

சாலையோரச் சாக்கடைப் பக்கம் குந்தி வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என்ஜினை அணைத்துவிட்டு ஓடிப்போய் முதுகைத் தடவிவிட்டேன். வாயைத் துடைத்துக்கொண்டு, "நல்லா இருக்கு தம்பி. நல்லா பண்ணியிருக்கீங்க" என்றார்.

என்ஜினைக் கொண்டுபோக அவருடைய சின்ன மகன் வந்தான். மீசை இன்னும் சரியாக அரும்பாத முகம். அக்காவைப் பார்த்துவிட்டுத்தான் பட்டறைக்கு வந்தான். அவள் அவனிடம் எதையும் சொல்லவில்லை என்பது அவன் பேச்சிலேயே தெரிந்தது. டர்போவைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். அண்ணனுக்கு இதைப் பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்றான். இரும்புக் கூட்டைக் காட்டி, "இதைக் கழட்டிட்டு எந்தக் காலத்துலயும் ஓட்டாதீங்க" என்றேன். "சரி அண்ணாச்சி" என்றான்.

லாரியில் ஏற்றிக் கயிறு கட்டி முடித்தாயிற்று. அவன் முன்னால் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, அப்பாவுக்கு இடம் விட்டு நகர்ந்தான். பெரியவர் ஏறவில்லை.

"நீ போ. சித்தப்பா சொல்லுதபடி கேட்டுக்க."

"நீங்க எப்ப வருவீங்க?"

"அக்காவுக்கு மாசம் நெருங்குதுல்லா. பாத்துட்டு வாரேன்."

பையன் என்னைப் பார்த்தான். நான் கயிற்றை இன்னொரு தடவை இழுத்துப் பார்ப்பதுபோல அந்தப் பக்கம் போனேன்.

பெரியவர் ஊருக்குத் திரும்பவே இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தது. ஞானஸ்நானம் முடிந்தது. அவர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் ராத்திரி வாட்ச்மேனாகச் சேர்ந்தார். காக்கிச் சட்டையும் தொப்பியுமாக முதல் தடவை பார்த்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை. மகள் வீட்டில் இருக்காமல், கம்பெனிக்குப் பின்னால் இருந்த வாட்ச்மேன் அறையிலேயே படுத்துக்கொண்டார்.

சின்ன மகன் ஒரு நாள் எனக்கு போன் செய்தான். என்ஜின் நன்றாக ஓடுகிறது என்றான். ஆயில் மாற்றுவதைப் பற்றி ஏதோ கேட்டான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "அண்ணாச்சி, அண்ணன் செத்த அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு அப்பா உங்ககிட்ட ஏதும் சொன்னாவளா? இங்க சித்தப்பா ஒரு மாதிரி பேசுதாவ."

"அதை அப்பாகிட்டயே கேளுங்க தம்பி" என்றேன்.

"கேட்டேன். போன வச்சிட்டாவ."

ஆயிலை நேரத்துக்கு மாற்றச் சொன்னேன். அவனும் சரி என்று வைத்துவிட்டான்.

பிரசவ விடுப்பு முடிந்து மகள் மறுபடி வேலைக்குப் போகத் தொடங்கினாள். அவளை ஏற்றிப்போகும் கம்பெனி பஸ் எங்கள் பட்டறைக்கு எதிரேதான் நிற்கும். ஒரு காலை, பஸ் வராத நேரத்தில், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பட்டறை நிழலில் வந்து நின்றாள். அப்பாவை வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாதா, வயதான காலத்தில் கொசுக்கடியில் படுத்துக்கிடக்கிறாரே என்று கேட்டேன். அவரை மன்னிச்சுடும்மா என்றும் சொன்னேன்.

"மன்னிக்கதுக்கு என்ன இருக்கு அண்ணாச்சி? அவங்க தெரிஞ்சா செஞ்சாவ? நானா இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன். ஆனா அந்தக் கையப் பாத்தா எனக்கு சோறு எறங்க மாட்டேங்கு."

அதற்குள் அவர் வந்துவிட்டார். ராத்திரி வேலை முடிந்து, காக்கியை மாற்றி, முகம் கழுவி, வேட்டி கட்டியிருந்தார். அவள் ஷிப்ட் முடிந்து வரும்வரை பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்வது அவர்தான். வேறு ஆள் அவர்களுக்கு இல்லை.

அவள் குழந்தையை நீட்டினாள். முகத்தைச் சாலைப் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். அவர் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டார்.

"நேத்து ராத்திரி காய்ச்சல் அடிச்சுதா?" என்று கேட்டார்.

அவள் குழந்தையின் பையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து, எதுவும் பேசாமல் அவர் சட்டைப் பையில் போட்டாள். பஸ் வந்தது. ஏறி உள்ளே போய்விட்டாள். அவர் குழந்தையின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே, வெயில் ஏறுவதற்குள் அவள் வீட்டுப் பக்கம் நடந்து போனார்.